படிவத்தில் இல்லாத நோவு

பானுமதிக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. அப்படி ஏதாவது ஒன்று இருந்திருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு வந்ததெல்லாம் வேறு. இரண்டு கால்களிலும் விரல்கள் வீங்கி, நுனியெல்லாம் நாவல்பழத் தோல்போலக் கறுத்துச் சிவந்து கிடந்தன. செருப்பில் நுழைத்தால் எரிந்தது, கழற்றினால் அரித்தது. சனிக்கிழமை மூன்று தடவை வயிற்றோட்டம் போனது. அதற்கப்புறம் பிடித்த அசதி திங்கட்கிழமை ஆகியும் விடவில்லை.

அசதி அவளுக்குப் புதிதில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒட்டின இடத்தில் துருத்தி நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. பிள்ளையார், மயில், யானை என்று ஒரு நாளைக்கு இருநூறு பொம்மை கையைவிட்டுப் போகும். சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகும், தூங்கி எழுந்தால் சரியாகும். இந்த அசதி தூங்கினாலும் போகவில்லை. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்க வேண்டியிருந்தது.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு தை மாசம். மூன்றாவது அலை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. மற்ற நாட்களில் பஸ் ஓடியது, சூளை எரிந்தது. வேலைக்கு வருகிறவர்களின் நெற்றியில் காட்டிப் பார்க்க, கம்பெனி வாசலில் காவல்காரர் ஒரு வெப்பமானி வைத்திருந்தார். அது யாருக்கும் தொண்ணூற்று நாலுக்கு மேல் காட்டியதில்லை. இருமலை அங்கே யாரும் நோயில் சேர்ப்பதில்லை. மண் தூசியில் வேலை செய்கிற எல்லாரும் இருமினார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பானுமதி காலை நீட்டிக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் கமலம் குனிந்து பார்த்தாள்.

"சேத்துப் புண்ணுடி இது. நாள் முழுக்க ஈரத் தரையில காலை வச்சிக்கிட்டு, இந்தக் குளிருல விரலு எப்படி இருக்கும்? மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் பூசு."

"பூசிட்டேன்க்கா. மூணு நாளாப் பூசறேன். பதினெட்டு வருஷமா இதே ஈரந்தான, இதே மார்கழி தைதான. இப்ப மட்டும் ஏன் வருது?"

"வயசாவுல?"

"கொரோனாவுல இப்படிக் கால் விரல் செவக்குதாம். போன்ல ஒரு டாக்டர் சொல்றாரு. வீடியோ அதுவா வந்துச்சு."

கமலம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாசனை தெரியுதா?"

தெரிந்தது. அதுதான் பானுமதியைப் போட்டுக் குழப்பியது. இரண்டு நாளாகக் காலையில் எழுந்ததும் கற்பூர டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறாள். கருவாட்டுப் பானையை மோந்து பார்க்கிறாள். எல்லாம் அதனதன் நாற்றத்தோடுதான் இருந்தது.

"அப்புறம் என்னா, வாசனை தெரிஞ்சா அது இல்ல," என்றாள் கமலம். "நீ போயி டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு நிக்காத. போன தடவை எங்க வூட்டுக்காரருக்கு வந்தப்ப என்னா பாடு பட்டோம்னு உனக்கே தெரியும். வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. பால்காரன் தெருமுனையிலயே பால் பையை வச்சிட்டுப் போனான். மூணு மாசம் கழிச்சும் எங்கூட்டுத் தண்ணிய ஒருத்தர் குடிக்கல. உம்பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நெனவிருக்குதுல்ல?"

நினைவில்லாமலா? அதைத் தவிர வேறு நினைவே இல்லை. மகள் பிரபாவைப் பெண்ணாடத்தில் கொடுத்திருக்கிறது. மருமகன் கோகுலகிருஷ்ணன் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறான். பிரபாவுக்கு ஒன்பதாம் மாசம். ஏழாம் மாசத்தில் நாள் அமையாமல் தள்ளிப்போன வளைகாப்பு வருகிற வெள்ளிக்கிழமை. ஏழு வகைச் சோறும் வளையலும் தட்டு வரிசையும் எடுத்துப்போய், பெண்ணுக்கு வளையல் போட்டு, கையோடு பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். ஒற்றை அறை வீட்டில் பிரபா இவள் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அரிசி களையாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சூளையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ராஜாங்கம் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தான்.

"என்னா புள்ள, இருட்டுல உக்காந்திருக்கே?"

"ஏங்க, நாளைக்கு நான் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடட்டுமா?"

"எதுக்கு?"

அவள் காலைக் காட்டினாள். ராஜாங்கம் தன் காலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். சூளை வெக்கையில் வெடித்த பாதம். "எனக்குக்கூடத்தான் வெடிச்சிருக்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேனா? ஊசி ரெண்டும் போட்டுக்கிட்ட. ஜுரம் இல்ல. நல்ல காரியம் வர்ற நேரத்துல ஏன் நீயாப் போயி இழுத்துவுட்டுக்கறே? சும்மா ஒரு பேச்சுக்கு வந்துடுச்சுன்னு வையி, கம்பெனிய மூடுவாங்க. வளைகாப்பு நின்னா சம்மந்தியம்மா முகத்துல முழிக்க முடியுமா?"

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எதிர்த்துப் பேச அவளுக்குத் தெம்புமில்லை. சரி என்று எழுந்து அரிசி களைந்தாள். உலை கொதிக்கும்போது பிரபாவிடமிருந்து போன் வந்தது. வயிற்றில் குழந்தை இடது பக்கமாகவே உதைப்பதையும், பட்டுப்புடவைக்கு ரவிக்கை பத்தாமல் போனதையும் சொல்லிக்கொண்டே வந்தவள், "பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணும்மா, எட்டு மாசம், கொரோனா வந்து கடலூருக்குக் கொண்டுபோயிருக்காங்க. ஊசி போடலையாம்," என்றாள்.

"இப்ப எப்படி இருக்குதாம்?"

"தெரியல. நீ பயந்துக்காத. நான் வூட்ட வுட்டு வெளிய போறதே இல்ல."

போனை வைத்ததும் பானுமதிக்குச் சோறு வடிக்கக் கை வரவில்லை. பிரபாவும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. போடாதே என்று தடுத்தவளே பானுமதிதான். ஐந்தாம் மாசம் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து கேட்டபோது பிரபா அம்மாவுக்குத்தான் போன் போட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, பெற்ற பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இவள்தான் சொன்னாள். அப்போது அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற மாதிரியே சாப்பாட்டுப் பையோடு கிளம்பினாள். பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. நகராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பரிசோதனை முகாம் நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அதுவரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்தபோது திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். இப்போது போனாலும் அரை நாள் வேலை கிடைக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் திரும்பிப் போகவும் இதே தூரம் நடக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து முன்னாலேயே நடந்தாள்.

முகாமில் பத்துப் பேர் நின்றார்கள். மேசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் மோகனப்பிரியாவுக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் குழிவிழுந்து கிடந்தன. படிவத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனாள்.

"ஜுரம் இருக்கா?"

"இல்லம்மா."

"இருமல், தொண்டை வலி?"

"இல்ல."

"வாசனை, ருசி?"

"தெரியுது."

"கொரோனா வந்தவங்க யார் பக்கத்துலயாச்சும் இருந்தீங்களா?"

"தெரியலம்மா."

மோகனப்பிரியா பேனாவை வைத்தாள். "எதுக்கும்மா வந்தீங்க? தொந்தரவு இல்லாதவங்களுக்கு இப்ப எடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க."

பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். பானுமதி செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் வைத்தாள். வயிற்றோட்டம் போனதைச் சொன்னாள். அசதியைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "பொம்மையத் தூக்கினா கருங்கல்லாட்டம் கனக்குதும்மா," என்றாள். "எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது. எம்பொண்ணு ஒன்பது மாசம். ஊசி போடல. வெள்ளிக்கிழமை கூட்டியாரணும். கூட்டியாரலாமா வேணாமான்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதும்."

மோகனப்பிரியா மேசையைச் சுற்றி வந்து குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள். ஒன்றை லேசாக அழுத்தி, நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, படிவத்தில் கட்டம் இல்லாத இடத்தில், ஓரமாக, நாலு வரி எழுதினாள்.

"எடுத்துடலாம். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் தனியா இருங்க. வேலைக்குப் போவாதீங்க. இது என் நம்பரு, ஏதாச்சும்னா போன் பண்ணுங்க."

குச்சி மூக்கில் போனபோது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, அங்கே மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னபோது ராஜாங்கம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. "எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனான். அன்றைக்கு அவனே சோறாக்கினான், குழைந்துவிட்டது. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

சம்மந்தியம்மாளுக்கு யார் சொல்வது என்பதில் ஒரு பொழுது போனது. கடைசியில் புதன்கிழமை காலை பானுமதியே போன் போட்டாள். சம்மந்தியம்மாள் ராஜாம்பாள் கறாரான மனுஷி. கல்யாணத்தில் பந்தியில் அப்பளம் பத்தாததை இன்னும் சொல்லிக்காட்டுகிறவள்.

"டெஸ்ட் எடுத்திருக்கேன் சம்மந்தி. நாளைக்குத் தெரிஞ்சிடும். ஒருவேளை..." என்று இழுத்தாள்.

"ஜுரம் எவ்வளவு அடிக்குது?"

"ஜுரம் இல்லைங்க. கால் விரல்தான்."

"கால் விரலுக்கா டெஸ்ட் எடுத்தீங்க?" ராஜாம்பாள் பெருமூச்சு விட்டாள். "இங்க அறுவது பேருக்குச் சொல்லியாச்சு சம்மந்தி. நாள் தள்ளுனா அமாவாசை வந்துடும், அதுக்கப்புறம் அவளுக்கு மாசம் முடிஞ்சிடும். நாளைக்கு என்னான்னு சொல்லுங்க, பாக்கலாம்."

கமலத்துக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கமலம் போனிலேயே வைதாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் போனாயே, இப்போது என்னையும் சேர்த்தல்லவா பார்ப்பார்கள் என்று பொரிந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "சோத்துக்கு என்னா பண்ணப் போறே?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. நான் கை வைக்கக் கூடாது."

"ஏழு சோறையும் எங்க வூட்டுல ஆக்கறேன். புளியும் எலுமிச்சையும் ராஜாங்கம் அண்ணன்கிட்டக் கொடுத்தனுப்பு. நீ படு."

வியாழக்கிழமை சாயங்காலம் போனில் செய்தி வந்தது. ராஜாங்கம் தாழ்வாரத்தில் நின்றபடியே அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். நெகட்டிவ்.

"நான்தான் சொன்னேன்ல?" என்றான். இரண்டு நாளைக்கு அப்புறம் வீட்டுக்குள் வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். "குளிர்தான். ஒண்ணுமில்லாததுக்கு மூணு நாளு வேலையும் போயி, ஊரு வாயிலயும் வுழுந்தாச்சு. போவுது வுடு. கெளம்பற வேலையப் பாரு."

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் பானுமதி தன் காலைப் பார்த்தாள். விரல்கள் அப்படியேதான் இருந்தன. எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பொழுது போய்விட்டதே என்று தயங்கிக்கொண்டே நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"நெகட்டிவ்னா நல்லதுதாம்மா," என்றாள் மோகனப்பிரியா. பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "ஆனா ஒண்ணு. இந்தக் கால் விரல் இருக்குல்ல, சில பேருக்கு அது லேட்டாத்தான் வருமாம், அதுக்குள்ள கிருமி டெஸ்ட்ல காட்டாமப் போயிடும். வெறும் குளிராவும் இருக்கலாம். எங்க டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் உறுதியாச் சொல்லத் தெரியல."

"அப்ப எம்பொண்ணுகிட்டப் போலாமா, கூடாதா?"

"பத்து நாள் தள்ளியிருந்தா நல்லதும்மா. இருந்துதான் ஆவணும்னு நான் சொல்ல முடியாது."

யாராவது ஒருத்தர் சொன்னால் போதும் என்று போனவளுக்கு யாரும் சொல்லவில்லை. பானுமதி படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்பதற்குச் செய்தி இருந்தது. போகாதே என்பதற்கு அவள் உடம்பைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வேனில் தட்டு வரிசையும் சோற்றுப் பாத்திரங்களும் ஏறின. கமலமும் தெருப் பெண்கள் நாலு பேரும் உள்ளே உட்கார்ந்தார்கள். பானுமதி வேனில் ஏறவில்லை. ராஜாங்கத்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பெண்ணாடம் போனாள். வழியில் கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவன் முதுகில் தலையைச் சாய்த்துப் பாதி தூரம் தூங்கிக்கொண்டே வந்தாள்.

ராஜாம்பாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எல்லாரும் உள்ளே போனார்கள். பானுமதி பந்தக்கால் ஓரத்திலேயே நின்றுகொண்டாள். இரண்டு முகக்கவசம் போட்டிருந்தாள். மனையில் உட்கார்ந்திருந்த பிரபா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அங்க என்னா பண்றே? உள்ள வா."

"இங்கியே இருக்கேன். நீ உக்காரு."

"டெஸ்ட்லதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு."

"அப்புறம்?" என்றாள் பிரபா. "முதல் வளையல் நீதான போடணும். எல்லாரும் பாக்கறாங்கம்மா."

எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சம்மந்தி வீட்டுப் பெண்களில் ஒருத்தி, பெத்தவளே தள்ளி நிக்கிறா பாரு என்று சொன்னது பானுமதியின் காதில் விழுந்தது. ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடுவதுபோல நின்றான்.

"ஊசி வேணாம்னு சொன்னது நான்தான பிரபா," என்றாள் பானுமதி. சத்தமாகப் பேச மூச்சு இல்லை. இருந்தாலும் உள்ளே கேட்டது. "ஒரு தடவை வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. எனக்கு என்னான்னு யாருக்கும் தெரியல. தெரியாம உங்கிட்ட வர மாட்டேன்."

ராஜாம்பாள் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று பானுமதி நினைத்தாள். ராஜாம்பாள் நாற்காலியைப் பந்தலின் நடுவில், மனைக்கு நேரெதிரே, பத்தடி தள்ளிப் போட்டாள்.

"உக்காருங்க சம்மந்தி. நிக்க முடியாம ஆடறீங்க." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊசி விஷயம் எனக்குத் தெரியும். நான் அப்பவே போட்டுக்கச் சொன்னேன். எங்கம்மா வேணாம்னுட்டாங்கன்னு சொல்லிட்டா. பெத்தவ சொல்லுக்கு மேல நான் என்னா சொல்றது?" என்றாள்.

பானுமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கொண்டுவந்த வளையலை ராஜாம்பாள் வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முதல் வளையலைத் தானே போட்டாள். பிரபா அழுதுகொண்டே கையை நீட்டினாள். பச்சையும் சிவப்புமாக வளையல் ஏறுவதைப் பானுமதி தூரத்திலிருந்து பார்த்தாள். பாதியில் கண் சொருகியது. கமலம் வந்து தோளைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டு, "முழிச்சிக்கிட்டுப் பாருடி," என்றாள்.

பிரபாவை அன்று கூட்டிவரவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. எட்டாம் நாளே வலி கண்டு, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறை ஒன்றுமில்லை.

பதினோராம் நாள்தான் பானுமதி போனாள். கால் விரல்களில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. அவளுக்கு வந்தது என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. குளிர்தான் என்று ராஜாங்கம் இன்றைக்கும் சொல்கிறான். கம்பெனியில் சில பேர் அவளைக் கால்விரல் கொரோனா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும்.

வார்டில் ராஜாம்பாள் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். பானுமதி கையைக் கழுவியிருந்தாள், முகக்கவசம் போட்டிருந்தாள். குழந்தை ஒரு யானைப் பொம்மை கனம்கூட இல்லை. ஆனாலும் இரண்டு நிமிஷத்தில் அவள் கை தளர்ந்து இறங்கியது.

"நீங்க வச்சுக்குங்க சம்மந்தி," என்றாள். "எனக்குக் கை தாங்கல."

ராஜாம்பாள் குழந்தையை வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக விரித்திருந்த பாயைக் காட்டினாள். "செத்த நேரம் படுங்க. அவ எங்கயும் போயிட மாட்டா."

பானுமதி மறுப்புச் சொல்லாமல் போய்ப் படுத்தாள். கட்டிலிலிருந்து பிரபா கையைத் தொங்கவிட்டு அவள் தலையைத் தொட்டாள். வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. பானுமதி அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.